கிளேட்டனில் பஸ் 2015-க்கு முன்பே ஓடியது

"அமெரிக்காவில் அட்லாண்டாவுக்குத் தெற்கே உள்ள கிளேட்டன் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 2015-ல் மார்ட்டா (அட்லாண்டா வட்டாரப் பொதுப் போக்குவரத்து அமைப்பு) வந்த பிறகுதான் முதன்முதலாக பஸ் ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2001-லிருந்தே சி-ட்ரான் என்ற பெயரில் கவுண்டியின் சொந்த பஸ்கள் ஓடின. பணப் பற்றாக்குறையைக் காட்டி 2010 மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். கார் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம்தான். இத்தனைக்கும் நாட்டின் மிகப் பெரிய விமான நிலையங்களில் ஒன்று பெரும்பாலும் அந்தக் கவுண்டிக்குள்தான் இருக்கிறது! அப்புறம் 2014 நவம்பர் வாக்கெடுப்பில், மார்ட்டாவில் சேர்வதற்காக விற்பனை வரியாக ஒரு சதவீதம் கூடுதலாகக் கட்ட 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சம்மதித்தார்கள். அதன் பலன்தான் 2015 மார்ச்சில் வந்த மார்ட்டா பஸ். 1971-ல் இதே கவுண்டி மார்ட்டாவை நிராகரித்தது என்று நீங்கள் சொன்னது மட்டும் சரி.