26 கொடுத்து 19 வாங்கலாமா?

போன சீசனில் எங்கள் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்கில் ஒரு ட்ரேட், அதாவது வீரர் பரிமாற்றம், பேசி முடித்தேன். அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்லின் நிஜ வீரர்களை வைத்து ஆளுக்கொரு கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்த்து வாராவாரம் மோதும் விளையாட்டு இது. வாரத்துக்குச் சராசரியாக 14 புள்ளி எடுக்கும் ஒரு ரிசீவரையும் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) 12 எடுக்கும் ஒரு ரன்னிங் பேக்கையும் (பந்தோடு ஓடுபவர்) கொடுத்துவிட்டு, 19 எடுக்கும் ஒரே ஒரு ரன்னிங் பேக்கை வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் குழுவில் சண்டை. "26 கொடுத்து 19 வாங்கியிருக்க, நல்லா ஏமாந்துட்ட" என்றார் ஒரு நண்பர். இன்னொருவர் நேர்மாறாக, நான் ட்ரேட் செய்த எதிராளியை ஏமாற்றிவிட்டேன் என்றார். கடைசியில் வாக்கெடுப்பு வைத்து ட்ரேடையே ரத்து செய்தார்கள். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். என் பெஞ்சில் வாரம் 10 புள்ளி எடுக்கக்கூடிய ஒரு ரிசீவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் இருப்பவர் எடுக்கும் புள்ளி கணக்கில் சேராது. ட்ரேடுக்குப் பிறகு ரன்னிங் பேக் இடத்தில் 19, ரிசீவர் இடத்தில் அந்த 10, மொத்தம் 29. முன்பு அதே இரண்டு இடங்களில் எனக்குக் கிடைத்தது 26. எதிராளிக்கோ ரிசீவர் இடத்தில் நல்ல ஆளே இல்லை, 6 புள்ளி எடுப்பவரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய 19-உம் 6-உம் சேர்ந்து 25. ட்ரேடுக்குப் பிறகு 26. எனக்கு வாரம் 3 கூடுகிறது, அவருக்கு 1 கூடுகிறது. இதில் யார் ஏமாந்தார்கள்? என் பெஞ்சில் இருந்தவர் 5 புள்ளிக்காரராக இருந்திருந்தால் அதே ட்ரேட் எனக்கு வாரம் 2 புள்ளி நட்டம். பெயர்களும் சராசரியும் அதேதான், முடிவு மட்டும் தலைகீழ்.

ஆக, வருகிற ஆட்களின் புள்ளியையும் போகிற ஆட்களின் புள்ளியையும் கூட்டிப் பார்ப்பது ட்ரேடை மதிப்பிடுவது ஆகாது. ட்ரேடுக்கு முன் என் ஆடும் வரிசை என்ன, பின் என்ன, மீதி இருக்கிற வாரங்களில் இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் ட்ரேட் மதிப்புப் பட்டியல்கள் பேரம் தொடங்க உதவும். ஆனால் என் பெஞ்சில் யார் இருக்கிறார், எங்கள் லீக்கில் ஒரு கேட்சுக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. பந்தை வீசும் குவாட்டர்பேக்கைப் பாருங்கள். 12 பேர் ஆடும் லீக்கில் ஆளுக்கு ஒரு குவாட்டர்பேக் என்றால் வாரத்துக்கு 12 பேர் போதும். என்.எஃப்.எல்லில் அணிகளே 32. யாரும் எடுக்காத ஓரளவு நல்ல குவாட்டர்பேக் எப்போதும் வெளியே கிடைப்பார். அதனால் அவர் எடுக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கி, நல்ல ரன்னிங் பேக்கைக் கொடுத்துவிடக் கூடாது.

இனி நாட்காட்டி. ஒரே சீசன் லீக்கில் எனக்கு மிக முக்கியமானது இதுதான், பலர் கவனிக்காததும் இதுதான். அடுத்த ஆண்டு என்று ஒன்று இங்கே கிடையாது. டிராஃப்டை, அதாவது ஆளுக்கொருவராக முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பதை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம், ஆகவே 22 வயது வீரருக்கு 30 வயது வீரரைவிடக் கூடுதல் விலை கொடுக்கக் காரணமே இல்லை. என்.எஃப்.எல் சீசன் 18 வாரம், ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம், நடுவே ஒரு வாரம் ஓய்வு. நம் பிளே-ஆஃப் பெரும்பாலும் 15, 16, 17-ஆம் வாரங்களில் வரும். 18-ஆம் வாரத்தில் சில அணிகள் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறோம். 9 வாரம் முடிந்த நிலையில் 7-2 (7 வெற்றி, 2 தோல்வி) என்று இருப்பவரும் 3-6 என்று இருப்பவரும் ஒரே வீரரைப் பார்த்தாலும் இரண்டு வேறு பொருளைத்தான் பார்க்கிறார்கள். காயம்பட்டு 13-ஆம் வாரம் திரும்பப்போகும் நட்சத்திரம் 3-6 காரருக்குப் பயன்பட மாட்டார். அவருக்கு இந்த ஞாயிறே ஜெயித்தாக வேண்டும், அதற்கு ஆடக்கூடிய இரண்டு சாதாரண வீரர்கள் வேண்டும். 7-2 காரரால் காத்திருக்க முடியும். இவர்கள் இருவரும் பேசிக்கொண்டால் இருவருக்குமே நல்லது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

கடைசி வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018 போதும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ரன்னிங் பேக் டாட் கர்லி அந்த சீசனில் 21 டச் டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். அவரால் பிளே-ஆஃபுக்கு வந்தவர்கள் ஏராளம். அப்போது பல லீக்குகளில் இறுதிப்போட்டி 16-ஆம் வாரம். முழங்கால் பிரச்சினையால் அந்த வாரம் கர்லி ஆடவில்லை. அவர் இடத்தில் இறங்கியவர் சி.ஜே. ஆண்டர்சன், அந்த ஆண்டிலேயே வேறு அணிகள் வேண்டாம் என்று அனுப்பியவர், ராம்ஸுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அரிசோனா அணிக்கு எதிராக 167 கெஜம் ஓடினார், ஒரு டச் டவுனும் எடுத்தார். இதை முன்கூட்டியே யாரும் கணித்திருக்க முடியாது, உண்மை. ஆனால் ரன்னிங் பேக்கை நம்பி இருப்பவர் அவருக்கு மாற்றாக இறங்கக்கூடியவரை ட்ரேடில் ஒரு சிறு உதிரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யாரும் பெரிதாக மறுக்க மாட்டார்கள்.

டிராஃப்டில் எத்தனையாவது சுற்றில் எடுத்தோம் என்பதை முதல் ஆட்டம் தொடங்கியதுமே மறந்துவிட வேண்டும். 2020-இல் பெரும்பாலான லீக்குகளில் முதல் ஆளாகப் போனவர் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. ஆடியது 3 ஆட்டம். முதல் சுற்றில் எடுத்தேன், முதல் சுற்று விலைக்குத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர்கள் கடைசிவரை அவரை வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம், டச் டவுனைப் பார்த்து விலை சொல்பவர்களிடம் கவனமாக இருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து டச் டவுன் வரும், பிறகு ஒரு மாதம் வராது. ஒருவரை நோக்கி எத்தனை முறை பந்து வீசுகிறார்கள், எத்தனை முறை அவர் கையில் பந்தைக் கொடுக்கிறார்கள் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது. டெட்ராய்ட் லயன்ஸின் ரிசீவர் ஆமான்-ரா செயின்ட் பிரவுன் 2021-இல், தன் முதல் சீசனில், 12 வாரம் வரை ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. அணியின் மற்ற முக்கிய ஆட்கள் காயத்தால் விலக, பந்து இவர் பக்கம் வர ஆரம்பித்தது. அந்த சீசனில் அவர் பிடித்த 90 கேட்சுகளில் பாதிக்கு மேல் கடைசி 6 ஆட்டங்களில் வந்தவை, 5 டச் டவுனும் அப்போதே வந்தன.

சரி, ரத்து விஷயத்துக்கு வருகிறேன். இருவர் திருட்டுத்தனமாகச் சேர்ந்துகொண்டு ஒருவர் அணியைக் காலி செய்து மற்றவருக்குக் கொடுத்தால் ரத்து செய்யுங்கள், நானே முதலில் கை தூக்குவேன். ஆனால் "எனக்கு இது பிடிக்கவில்லை", "இவர் பலமாகிவிடுவார்" என்பதெல்லாம் ரத்துக்குக் காரணம் இல்லை. ட்ரேட் செய்யும் எல்லோரும் தங்கள் அணியைப் பலமாக்கத்தான் பார்ப்பார்கள். இரண்டு பேர் யோசித்து ஒப்புக்கொண்டதை, அவர்களோடு போட்டியிடுகிற பத்துப் பேர் வாக்குப் போட்டுத் தடுப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. வரும் சீசனில் எங்கள் லீக்கில் இந்த வாக்கெடுப்பு விதியையே எடுத்துவிடக் கேட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் லீக்கை நடத்துபவர் இருவரிடமும் ஏன் என்று கேட்கட்டும். இருவரும் தங்கள் வரிசையைக் காட்டி விளக்கினால் அன்றே ட்ரேட் நடக்கட்டும். டிராஃப்டுக்கு முன்பே பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.