ப்ராஜெக்ட் மேனேஜர் வேலைக்கு ரெசூமே அனுப்பப் போகிறீர்களா?

போன மாதம் எங்கள் டீமில் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் இடத்துக்கு வந்த ரெசூமேக்களை உட்கார்ந்து படித்தேன். மேலே இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் பாதிக்கு மேல் எது யாருடையது என்றே தெரியாது. "திட்டமிடல், ஒருங்கிணைப்பு, ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட், ரிஸ்க் மேனேஜ்மென்ட்..." இதெல்லாம் அந்த வேலையைப் பற்றிய விவரம். உங்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறீர்கள்?

போட்ட திட்டம் கலைந்தபோது இந்த ஆள் என்ன செய்தார் என்றுதான் நான் தேடுகிறேன்.

ஒரே ஒரு ரெசூமேயில் அது கிடைத்தது. "வெண்டர் மூன்று வாரம் தாமதம். தயாராக இருந்த இரண்டு மாட்யூல்களுக்கு மட்டும் டெஸ்டிங்கை முதலில் தொடங்கினேன். ரிப்போர்ட் பகுதியை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ள கிளையன்ட்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினேன். கோ-லைவ் (பயன்பாட்டுக்கு வரும் நாள்) நான்கு நாள் தள்ளிப்போனது."

கிரிட்டிக்கல் பாத் (ப்ராஜெக்ட் முடியும் நாளைத் தீர்மானிக்கும் வேலைகளின் வரிசை) என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்கோப், அதாவது செய்து தர வேண்டிய வேலையின் எல்லை, மாறியதை வாய்ப்பேச்சில் விடவில்லை. அந்த நான்கு நாளை மறைக்கவும் இல்லை. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான். எல்லாம் குறித்த நாளில் முடிந்தது என்று எழுதுகிறவர்களை நான் இரண்டாம் முறை கேள்வி கேட்பேன்.

எத்தனை பேர் டீம், எத்தனை மாதம், எவ்வளவு பட்ஜெட் என்பதையும் போடுங்கள். தொகையை வெளியே சொல்லக்கூடாது என்றால் சதவீதம் போதும். "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் அதில் உங்கள் முடிவு எது என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி (PMP) சான்றிதழ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பட்டதாரி என்றால் 36 மாதம் ப்ராஜெக்ட்டை நடத்திய அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் காட்டினால்தான் அந்தப் பரீட்சையே எழுத முடியும். அதனால் அதற்கு மதிப்பு உண்டு. புதியவர்களுக்கு சிஏபிஎம் (CAPM) என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது, அதற்கு அனுபவம் கேட்பதில்லை. ஆனால் சான்றிதழை மட்டும் தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, கீழே நடந்த வேலை எதுவும் இல்லையென்றால் என்னால் எதையும் எடைபோட முடியாது.

மேனேஜர் என்ற பதவி இதுவரை கிடைக்காதவர்களும் தயங்க வேண்டாம். அலுவலகம் இடம் மாறியபோது முன்னால் நின்று நடத்தியிருந்தால் அதுவும் ப்ராஜெக்ட்தான். தொடக்கமும் முடிவும் தேதியும் செலவும் அதற்கும் இருந்தனவே, எழுதுங்கள். வேலை விளம்பரத்தில் ஸ்ப்ரிண்ட் (ஓரிரு வாரக் குறுகிய வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) என்று இருந்து, நீங்களும் அதைச் செய்திருந்தால் அதே சொற்களையே போடுங்கள். முதலில் படிப்பது ஹெச்ஆராகவோ சாஃப்ட்வேராகவோ இருக்கலாம்.

அந்த நான்கு நாள் தாமதத்தை எழுதியவரை இன்டர்வியூவுக்கு அழைத்தோம். "கிளையன்ட்டிடம் அதை எப்போது சொன்னீர்கள்?" என்பதுதான் என் முதல் கேள்வி. "எனக்குத் தெரிந்த அன்றே" என்றார்.