பிரிவு 16ஐயும் 23ஐயும் ஒன்றாகத் திருத்துங்கள்

இலங்கையின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைவைத்தால் மார்க்கத்தில் கைவைத்ததாகிவிடும் என்ற பயம் நம் சமூகத்தில் பலருக்கு இருக்கிறது. ஆனால் இது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், பாராளுமன்றம் இயற்றியது. இதன் வேர், ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) கொண்டுவந்து, 1806இல் ஆங்கிலேயர் சட்டமாக்கிய முஹம்மதியச் சட்டக்கோவையில் இருக்கிறது. ஷரீஆவின் பெயரில் காலனி அரசு தொகுத்ததைத் திருத்துவது குர்ஆனைத் திருத்துவது ஆகாது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. அரசியலமைப்பின் உறுப்புரை 16(1), 1978க்கு முன்பிருந்த எழுத்துச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. ஆகவே வழி பாராளுமன்றம் மட்டும்தான்.

எங்கே தொடங்குவது? வயதில். முஸ்லிம் விவாகச் சட்டத்தின் பிரிவு 23இன்படி 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைப் பதியத்தான் காதியின் (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) அனுமதி வேண்டும். 12ஐத் தாண்டினால் அதுவும் தேவையில்லை. இதை மட்டும் 18 ஆக்கினால் போதாது. தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, 16 வயதுக்குக் குறைந்தவரோடு உடலுறவைக் குற்றமாக்கிவிட்டு, 12ஐத் தாண்டிய மனைவிக்கு விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்கும் கூடவே போக வேண்டும். நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபை (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) பின்பற்றுவோர் நிறைந்த இந்தோனேசியாவே 2019இல் பெண்ணின் வயதை 16இலிருந்து 19 ஆக்கிவிட்டது.

அடுத்தது பிரிவு 16. சிக்கலான இடம் இதுதான். பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும் என்கிறது அது. இதனால் வயதெல்லை காகிதத்தில் 18 ஆனாலும், பதியாமல் நிக்காஹ்வை நடத்திவிடலாம். சரி, பதியாத திருமணம் செல்லாது என்று ஒரே வரியில் மாற்றினால்? பாதிப்பு பெண்ணுக்குத்தான். கைவிட்டுப் போனவன் "திருமணமே நடக்கவில்லை" என்பான். தாபரிப்பும் மஹரும் (கணவன் மனைவிக்குத் தரும் மணக்கொடை) கேட்க அவளுக்கு நிலையிருக்காது. என் கருத்தில், பதிவைக் கட்டாயமாக்கி, பதியாத குற்றத்தின் தண்டனையை மாப்பிள்ளை, வலி (மணமகளின் பாதுகாவலர்), நிக்காஹ் நடத்தியவர் மூவர்மீதும் வைக்க வேண்டும். மனைவியின் உரிமைக் கோரிக்கைகளைத் தொடக்கூடாது. பதிவுப் புத்தகத்தில் மணமகளின் கையொப்பமும் கட்டாயமாக வேண்டும். இப்போது வலியின் கையொப்பமே போதும் என்றிருக்கிறது.

விவாகரத்தில் கணவன் தலாக் கேட்டால் காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. மனைவி பஸஹ் (கணவனின் தவறைக் காட்டிக் கோரும் விவாகரத்து) கேட்டால் காரணம், சாட்சி, மூன்று மதிப்பீட்டாளர்கள், எல்லாம் வேண்டும். காதியிடம் சட்டத்தரணியும் வர முடியாது. அங்கே பெண் காதியாகவும் முடியாது. தாபரிப்புக் கட்டளை கிடைத்தாலும் பணத்தை அறவிட நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பிள்ளையின் பால்மாவுக்கு அத்தனை நாள் யார் காத்திருப்பது?

இச்சட்டத்தின் திருத்தங்களை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு 2009இல் நியமிக்கப்பட்டு 2018இல்தான் அறிக்கை தந்தது, அதுவும் உறுப்பினர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து. இன்னொரு குழு வேண்டாம். பிரிவு 16, பிரிவு 23, தண்டனைச் சட்டக்கோவை 363 மூன்றுக்குமான திருத்தங்களை ஒரே நாளில் பாராளுமன்றத்தில் சமர்ப்பியுங்கள்.