குதிரைக்கு நிற்கிறீர்கள், பெரியவருக்கு நின்றால் என்ன?

வட கரோலினாவில் நம் கேரி ஊர் கிரீன்வேயில், அதாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்குமான பொதுப் பாதையில், ஒரு பெரியவரைச் சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டது. அதைப் பற்றி நேற்றிலிருந்து நம் கேரி தமிழ்க் குரூப்பில் ஓடுகிற பஞ்சாயத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் "விசிட்டர் விசாவில் வரும் பெரியவர்களைச் சாயந்திரம் டிரெயில் பக்கம் அனுப்பாதீர்கள், நமக்குத்தான் கெட்ட பேர்" என்று ஒருவர் எழுதி, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று அங்கே ஒருவராவது கேட்டீர்களா? மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. கேட்காததால் நானே சொல்கிறேன்.

என் பாயிண்ட் ஒன்றுதான். கிரீன்வேயில் வேகமாக வருகிறவர்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்த நியாயம் இல்லை. அமெரிக்கன் டொபேக்கோ டிரெயிலின் வேக் கவுண்டிப் பகுதிக்கு எல்லாரும் போயிருப்பீர்கள். டர்ஹாமின் புகையிலை ஆலைகளுக்கு ரயில் ஓடிய பழைய தடம். இப்போது 22 மைலுக்கு மேல் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நம் பக்கத்துப் பகுதியில் குதிரையிலும் வரலாம். விதி இவ்வளவுதான்: குதிரைக்கு எல்லாரும் வழிவிட வேண்டும், நடப்பவருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும். குதிரை எதிரே வந்தால் நம் சைக்கிள் வீரர்கள் எப்படி இறங்கி, ஓரமாக ஒதுங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள் தெரியுமா? உதைத்துவிடுமே என்ற பயம். எழுபது வயது மனிதர் உதைக்க மாட்டார் அல்லவா, அந்தத் தைரியம்தான்.

"மணி அடித்தாரே, 'ஆன் யுவர் லெஃப்ட்', இடப்பக்கமாக முந்துகிறேன் என்று கத்தினாரே" என்கிறீர்கள். சரி, கணக்குப் போடுவோம், நாம்தான் கணக்கில் புலிகளாயிற்றே. மணிக்கு 20 மைல் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 29 அடி. முப்பதடி பின்னால் வரும்போது குரல் கொடுத்தால் அது காதில் விழுந்து, புரிந்து, திரும்புவதற்குள் சைக்கிள் முதுகுக்கு வந்துவிடும். அதுவும், ஆயுள் முழுக்க இடப்பக்கமாகவே நடந்து பழகிய மனிதர் 'லெஃப்ட்' என்று கேட்டதும் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? நீங்கள் முந்த வருகிற அதே பக்கம்தான். மணி அடித்தால் கூடவே வேகத்தையும் குறைக்க வேண்டும். குறைக்காமல் அடித்துக்கொண்டே வந்தால் அது ஜி.எஸ்.டி. ரோட்டு லாரி ஹாரன்.

நான் சைக்கிளுக்கு எதிரி என்று கிளம்பாதீர்கள். என் வீட்டுக்காரரே சைக்கிள்காரர்தான். மெய்னிலிருந்து ஃபுளோரிடா வரை நீளும் ஈஸ்ட் கோஸ்ட் கிரீன்வே நம் ஊர் வழியாகப் போகிறது என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடிப்பவர். அவரும் பலகைப் பாதையில் மெதுவாகத்தான் போகிறார்.

நம் கிரீன்வேக்கள் எங்கே ஓடுகின்றன என்று கொஞ்சம் கவனியுங்கள். பெரும்பாலும் ஓடைக்கரையில். வெள்ளம் ஏறும் தாழ்வான நிலம், வீடு கட்ட முடியாது. பல இடங்களில் கழிவுநீர்க் குழாய் புதைப்பதற்காக ஏற்கெனவே திறந்துவிட்ட வழி. ஊருக்கு நடுவில் இவ்வளவு மரமும் நிழலும் நமக்கு மிஞ்சியது அந்தப் புண்ணியத்தில்தான். ஆனால் அதனாலேயே ஓடை வளைகிற இடத்தில் பாதையும் வளைகிறது, சாலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது, சதுப்பு வந்தால் பலகை மேல் ஏறுகிறது. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. பெருமழைக்கு அடுத்த நாள் வண்டல், நவம்பரில் ஈர இலை. மொத்த அகலமே பத்தடிதான். அங்கே போய், யார் வேகம் என்று பட்டியல் போடும் ஸ்ட்ராவா ஆப்பில் கிரீடம் சூடிக்கொள்ள வேண்டும் என்று என்ன வேண்டுதலோ!

"அப்படியானால் டவுன் அகலப்படுத்தட்டுமே." இதைச் சொல்பவர்களைத்தான் ரொம்பப் பிடிக்கிறது. பேருக்கு இன்னும் 'டவுன்', 2020 கணக்கெடுப்பிலேயே ஒன்றே முக்கால் லட்சம் பேர். 2019-இல் பூங்காக்களுக்கும் சாலைகளுக்குமாக 22.5 கோடி டாலர் பாண்டுக்கு, அதாவது ஊர் கடன் வாங்குவதற்கு, ஓட்டுப் போட்டு இந்த ஊர் சரி என்றது. 2024 நவம்பரில் பூங்காக்களுக்கு 56 கோடி என்றதும் தோற்கடித்தது. வரி ஏறும், 'நோ' போடுங்கள் என்று இதே குரூப்பில் சுற்றிய ஃபார்வர்டுகள் இன்னும் என் போனில் இருக்கின்றன. போடுங்கள், உங்கள் ஓட்டு. ஆனால் பாதையை அகலமாக்கக் காசு தர மாட்டோம், மாமனார்களைக் குறைத்துக்கொள்வோம் என்பது என்ன கணக்கு?

நான்கு பேராகக் கைகோத்த மாதிரி நடக்கிறார்கள், போனில் பக்திப் பாட்டை ஸ்பீக்கரில் வைக்கிறார்கள். ஆமாம், செய்கிறார்கள். வலப்பக்கமாக, இரண்டிரண்டு பேராக நடக்கச் சொல்லித் தரலாம், சொன்னால் கேட்பார்கள். ஆனால் நாய்க்கயிற்றைப் பாதைக்குக் குறுக்கே நீளவிட்டுப் போன் பார்ப்பவர்களை, மூன்று ஸ்ட்ரோலரை வரிசை கட்டித் தள்ளுபவர்களை "வீட்டில் இருங்கள்" என்று நம்மில் யாராவது எழுதியிருக்கிறோமா? அவர்களெல்லாம் கம்யூனிட்டி. நம் பெரியவர்கள் மட்டும் கூட்டம்.

விழுந்தவர் என் மாமனார், கும்பகோணத்துக்காரர். காவிரிக்கரையில் காலையும் மாலையும் நடந்தவர். எனக்கும் அவருக்கும் காபிச் சூட்டில் தொடங்கி ஆயிரம் இருக்கும், அது வேறு கதை. கார் இல்லாமல் பால் வாங்கக்கூட வழியில்லாத இந்த ஊரில் யாரையும் கேட்காமல் அவரால் போக முடிந்த ஒரே இடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிரீன்வேதான். அங்கேதான் அவருக்கு ஒரு தெலுங்கு வாத்தியாரும், பாதி ஹிந்தி பாதி சைகையில் பேசும் ஒரு குஜராத்திப் பெரியவரும் சிநேகிதமானார்கள். ஒரு நாள் அங்கே ஒரு பறவையைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஊர் நாரை மாதிரியேதாம்மா இருக்கு, கொஞ்சம் உசரம் ஜாஸ்தி" என்று குழந்தை மாதிரி சொன்னார். ஆறு மாதத்தில் அவர் தானாகப் பார்த்து வந்து எனக்குச் சொன்ன விஷயம் அது.

யாரோ புண்ணியவான் அந்த கமெண்டுகளை அவர் போனுக்கும் அனுப்பிவிட்டார். இப்போது மனிதர் எங்கள் தெரு முனை வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கிறார். வாங்க மாமா, நானும் வரேன் என்றால், "நம்மால உங்களுக்கு எதுக்கும்மா பேச்சு" என்கிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? யாராவது சொல்லுங்கள், அந்தக் குரூப்பில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறீர்களே.

கெட்ட பேர், கெட்ட பேர் என்கிறீர்களே, யாரிடம்? இடித்த அந்த வெள்ளைக்காரப் பையன் ஓடிப்போகவில்லை. 911-ஐக் கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்திலேயே பலகையில் உட்கார்ந்திருந்தான், திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான் என்று கூட இருந்தவர்களே சொல்கிறார்கள். அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குற்றப்பத்திரிகை வாசித்ததெல்லாம் நம் ஆட்கள்தான், அதுவும் தமிழில், அவருக்கே படிக்க வசதியாக.

அடுத்த கவுன்சில் கூட்டத்தில் பேசப் போகிறேன். பலகைப் பாதைக்கும் சுரங்கத்துக்கும் முன்னால் தரையிலேயே பெரிதாக 'ஸ்லோ' என்று பெயிண்ட் அடிக்கச் சொல்லி. கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், குரூப்பில் கேட்கப் போவதில்லை. வீட்டுக்காரர் "உனக்கு எதுக்கு இந்த வம்பு" என்கிறார். சொல்லிவிட்டு, சைக்கிளுக்குச் சத்தம் குறைவான மணி எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.