சில்வர் பெயின்ற் அடித்தால் ரீகண்டிஷனா?

மூன்று கிழமைக்குள் இரண்டாம் தரம் முற்றத்தில் காருக்குக் கீழே படுத்திருக்கிறேன், வயிறு பற்றி எரிகிறது.

என்னுடையது பழைய கொரோலா 110. பற்றரி லைட் எரிந்தது, மீற்றரை வைத்தேன், எஞ்சின் ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் நிற்க வேண்டிய வோல்ற் 11.9இல் நின்றது. சரி, பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற அல்ரனேற்றர்தான் பிழை. நெகட்டிவ் வயரைக் கழற்றி, பெல்ட்டைத் தளர்த்தி, உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போன கீழ் போல்ட்டோடு அரை நாள் மல்லுக்கட்டினேன், சுத்தியல் தவறிப் பட்டதில் அல்ரனேற்றரின் போல்ட் பூட்டுகிற காது ஓரம் உடைந்தது. அதைக் கொண்டுபோய் டவுனில் ஒரு பாட்ஸ் கடையில் காட்டினேன். "தம்பி, ஜப்பான் ரீகண்டிஷன், கண்ணை மூடிக்கொண்டு பூட்டுங்கோ." பழையதையும் கொடுத்து, மேலே 27,000 ரூபாவும் கொடுத்தேன்.

பத்தொன்பதாம் நாள் இரவு, கொடிகாமத்திலிருந்து அம்மாவைக் கூட்டிவரும்போது, ஹெட்லைட் மஞ்சளாகி மங்கி, நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட கார் நின்றேவிட்டது. பின்னால் லொறிகள் இரைந்துகொண்டு வருகின்றன, சிக்னல் லைட் போடக்கூடப் பற்றரியில் சக்தி இல்லை, அம்மா கந்தசாமியாரைக் கூப்பிடுகிறா.

விடிந்ததும் அல்ரனேற்றரின் பின்மூடியைத் திறந்தேன். கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து மிளகளவு. பேரிங்கில் கிரீஸ் கறுத்துக் காய்ந்து கிடக்கிறது. வெளியே மட்டும் பளபளவென்று சில்வர் பெயின்ற், அதுவும் வயர் பூட்டுகிற நட்டு, லேபிள் எல்லாவற்றுக்கும் மேலே! ரீகண்டிஷன் என்றால் பிரஷ், பேரிங் மாற்ற வேண்டும், டயோட்டையும் ரெகுலேற்றரையும் சோதிக்க வேண்டும். இவர்கள் மாற்றியது நிறத்தை மட்டும்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருஷம் பழைய கார்களைத்தானே கட்டி இழுத்தோம்? ஒரு சாமானுக்காக 400 கிலோமீற்றர் கடந்து கொழும்பில் பாட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு எத்தனை பேரால் போக முடியும்? இஞ்ச இருக்கிறதைத்தான் வாங்குவார்கள் என்று தெரிந்துதானே இப்படித் தலையில் கட்டுகிறார்கள்!

கடைக்குப் போனேன். "எலக்ட்ரிக்கல் சாமானுக்கு வாரண்டி இல்லை, பில்லைப் பாருங்கோ" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் தட்டில் ஒரு அல்ரனேற்றர், பெயின்ற் மணம்கூடப் போகவில்லை. காது ஓரம் உடைந்திருந்தது.