‘செட்’டை முந்திய ‘ரன்’

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களை உடைய சொல் ‘செட்’ (set) என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பைப் பொறுத்தவரை சரியே. அதில் ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு ஏறத்தாழ 430 பொருள்கள் இடம்பெற்றிருந்தன. ஆனால், மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் பீட்டர் கிலிவர் என்னும் அகராதியாளர் ‘ரன்’ (run) என்னும் வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களை வகைப்படுத்தினார் என்பது 2011இலேயே செய்தியாக வந்துவிட்டது.

இந்தப் பெருக்கத்துக்கு இயந்திரங்களும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. கால்களால் ஓடுவதையும் நீர் ஓடுவதையும் நெடுங்காலமாகக் குறித்துவந்த அச்சொல், ஆலைகளும் ரயில்களும் பெருகியபோது அவற்றின் இயக்கத்தையும், பிற்காலத்தில் கணினி நிரல் செயல்படுவதையும் தனதாக்கிக்கொண்டது. அதோடு, செயப்படுபொருளை ஏற்கும் வினையாகவும் அது வழங்குவதால், கடையை நடத்துவது, குளியல் தொட்டியில் நீர் நிரப்புவது, நாளிதழில் செய்தி வெளியிடுவது ஆகிய அனைத்துக்கும் அதுவே போதுமானதாகிவிடுகிறது. தேர்தலில் போட்டியிடுவதற்கும் அமெரிக்கர்கள் இச்சொல்லையே ஆள்கிறார்கள். பிரிட்டனிலோ வேட்பாளர்கள் நம்மவர்களைப் போல ‘நிற்கிறார்கள்’.

எனினும், இவ்வெண்ணிக்கைகளை விளையாட்டுப் போட்டியின் புள்ளிகளைப் போலக் கருத இயலாது. எங்கே ஒரு பொருள் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதை அகராதியாளரே தீர்மானிப்பதால், அதே சொல்லுக்குச் சிறிய அகராதியொன்று சில பத்துப் பொருள்களோடு நிறுத்திக்கொள்வதும் பிழையாகாது.