முதல் ஐட்டத்தைப் பார்க்காதவங்க தயவுசெஞ்சு மார்க் போடாதீங்க

நாலு நாளாச்சு. இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கல. எழுதித் தீர்த்தாத்தான் தூக்கம் வரும்போல இருக்கு.

நான் இருக்கிறது அமெரிக்காவுல, அயோவா மாநிலத்துல ஒரு சின்ன ஊர். கடைத்தெருவுல நூறு வருஷத்துக்கும் மேல பழசான ஒரு அரங்கு இருக்கு. ஒரு காலத்துல வாடவில் நடந்த இடம். பாட்டு, டான்ஸ், குட்டி நாடகம், மேஜிக், நாய் வித்தை, காமெடின்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத எட்டு ஒம்பது ஐட்டம் ஒரே ராத்திரியில வரிசையா வந்துட்டுப் போனா அதுக்குப் பேரு வாடவில். 1880கள்லேருந்து 1930 வாக்குல வரைக்கும் இந்த நாட்டு ஜனங்களோட பெரிய பொழுதுபோக்கு அதுதான். பேசும் படமும் ரேடியோவும் வந்து அதை முடிச்சு வெச்சுது. எங்க ஊர் அரங்கைப் பழுது பார்த்து, வருஷத்துக்கு ஒரு நாள் பழைய பாணியிலேயே வாடவில் ராத்திரி நடத்துறாங்க. ஆடுறவங்க எல்லாம் உள்ளூர்க்காரங்க. பரிசு உண்டு, மூணு நடுவர் உண்டு. நாலு வருஷமா அதுல நானும் ஒருத்தி.

போன சனிக்கிழமை ஏழு மணிக்கு ஆரம்பம். முதல் ஐட்டம் ஒரு பெரியவர். எழுபது வயசுக்கு மேல இருக்கும். மூணு சுருட்டுப் பெட்டியை வெச்சு வித்தை பண்றவர். பெட்டி மூணையும் வரிசையா ரெண்டு கைக்கு நடுவுல அழுத்திப் பிடிச்சுக்கணும். நடுவுல இருக்கிற பெட்டி காத்துலதான் நிக்குது. அதை ஒரு நொடி விட்டுட்டு, ஓரத்துப் பெட்டியைச் சுழட்டி, நடுப்பெட்டி கீழ விழறதுக்குள்ள மறுபடி பிடிக்கணும். டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ்ங்கிற காமெடி நடிகர் சினிமாவுக்குப் போறதுக்கு முன்னாடி மேடையில பேர் வாங்கினது இந்த மாதிரிப் பெட்டி வித்தையிலதான். கை நடுங்கினா போச்சு. பெரியவரோட ரெண்டு கட்டைவிரல்லயும் வெள்ளை டேப் சுத்தியிருந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்கே வந்து, சைடு விங்ல நின்னு அதையே திரும்பத் திரும்பப் பழகிட்டு இருந்ததை நான் பார்த்தேன்.

கடைசி அடவு வருது. நடுப்பெட்டியை மேல தூக்கிப் போட்டுட்டு, இவர் ஒரு முழுச் சுத்து சுத்தித் திரும்பி, அதை மத்த ரெண்டு பெட்டிக்கும் நடுவுல பிடிக்கணும். சரியா அந்த நொடியில எனக்கு முன் வரிசையில ஒரு குடும்பம் உள்ள நுழையுது. ஆறு பேர். கையில பாப்கார்ன். “கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க.” பின்னாடி ஒருத்தர் சீட் நம்பர் தேட செல்ஃபோன் டார்ச்சை மேடைப் பக்கமே அடிக்கிறார். பெரியவர் பிடிச்சுட்டார். பிசிறில்லாமப் பிடிச்சார். கை தட்டினது மொத்தமே பத்துப் பேர் இருப்பாங்க. அவர் குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டு, பெட்டியைத் தானே பொறுக்கிக்கிட்டு உள்ள போயிட்டார்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். என் பக்கத்து நாற்காலி அந்த எட்டே முக்கால் நிமிஷமும் காலியா இருந்துச்சு. அது சக நடுவரோட நாற்காலி! ரெண்டாவது ஐட்டம் பாதியில வந்து உட்கார்ந்தார். இடைவேளையில மார்க் ஷீட்டை வாங்கிப் பார்க்கிறேன், முதல் ஐட்டத்துக்குப் பத்துக்கு நாலு போட்டிருக்கார். பக்கத்துல குறிப்பு வேற: “பார்வையாளர்களோட ஒட்டல.”

“நீங்க பார்க்கவே இல்லியே?”ன்னு கேட்டேன்.

“கைதட்டல் வாசல் வரைக்கும் கேக்கலியே”ன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் பதறிப்போச்சு. பார்க்காத வித்தைக்கு மார்க் போட ஒரு மனுஷனுக்கு எப்படிங்க கை வரும்?

அதோட விடல. எங்க கூடப் பழகுற ஒரு தமிழ்க் குடும்பம், ஏழரைக்கு மேல வந்தாங்க. அந்த அண்ணன்கிட்ட, “முதல் ஐட்டம் போச்சே அண்ணா, அருமையா இருந்துச்சு”ன்னு சொன்னேன். “விடும்மா, முதல்ல எப்பவும் சுமாரானதைத்தான் போடுவாங்க”ன்னார், ரொம்ப சாதாரணமா. இவருக்கு யார் சொன்னா? மூணு வருஷமா இவர் ஒரு தடவைகூட முதல் ஐட்டத்தைப் பார்த்ததில்ல!

முதல் ஐட்டம் ஏன் முதல்ல வருதுன்னு ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்குங்க. 1913ல நியூயார்க்ல திறந்த பேலஸ் தியேட்டர்தான் வாடவில் கலைஞர்களுக்குச் சிகரம். அங்க ஐட்டங்களை ஏற்பாடு பண்ணின ஜார்ஜ் காட்லீப், ஒம்பது ஐட்டத்தை எப்படி அடுக்குறதுன்னு வெளிப்படையாவே விளக்கியிருக்கார். முதல்ல பேச்சு இல்லாத ஐட்டம். டான்ஸோ விலங்கு வித்தையோ போடணும். ஏன்னா ஜனங்க அப்பத்தான் உள்ள வந்துட்டு இருப்பாங்க, நாற்காலி சத்தத்துல வசனம் போட்டா ஒரு வார்த்தை கேக்காது. உச்ச நட்சத்திரத்துக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடத்துல மறுபடி கண்ணுக்கு மட்டும் விருந்து வைக்கிற ஐட்டம், ஏன்னா ஜனங்க தொப்பியை எடுத்துட்டுக் கிளம்ப ஆரம்பிச்சுருவாங்க. இதுல எங்கயாவது “சுமாரானதை முதல்ல போடு”ன்னு இருக்கா? நீங்க லேட்டா வருவீங்கன்னு தெரிஞ்சு, அந்தச் சத்தத்தைத் தாங்கி நிக்கக்கூடியவங்களை நிறுத்துறாங்க. உங்க ஒழுங்கீனத்துக்கு முட்டுக் கொடுக்கிற தூண் அவங்க. அந்தத் தூணைப் போயி நீங்க எட்டி உதைக்கிறீங்க.

ஃப்ரெட் அஸ்டேர் பேரைக் கேட்டிருப்பீங்க. ஹாலிவுட் கண்ட பெரிய டான்ஸர்கள்ல ஒருத்தர். அவரும் அவர் அக்கா அடேலும் சின்னப் பிள்ளைங்களா வாடவில்ல ஆடிட்டு இருந்த காலம். நியூயார்க்ல பிராக்டர்ஸ் ஃபிப்த் அவென்யூ அரங்குல ஒரு வாய்ப்பு வந்துச்சு. அந்த வாரத்து நட்சத்திரம் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ். இவங்களுக்குக் கிடைச்சது முதல் இடம். மதியக் காட்சியில ஜனங்க சீட் தேடிட்டு இருக்காங்க, பிள்ளைங்க ஆடிட்டு இருக்காங்க, கைதட்டல் இல்ல. ஒரே காட்சி. அதோட நிரல்லேருந்து தூக்கிட்டாங்க. அஸ்டேரையே! அன்னிக்கு அந்த அரங்குல இருந்தவங்கள்ல எத்தனை பேர் வீட்டுக்குப் போயி “முதல் ஐட்டம் சுமார்”னு சொல்லியிருப்பாங்க?

எனக்கு இந்த விஷயத்துல இவ்வளவு சூடு ஏற இன்னொரு காரணம் உண்டு. அயோவா பல்கலைக்கழக நூலகத்துல, பல ஊர்ல வாடவில் தியேட்டர் நடத்தின கீத்-ஆல்பி கம்பெனியோட மேனேஜர் அறிக்கைகள் இருக்கு, 1902லேருந்து 1923 வரைக்கும். அப்பல்லாம் புது வாரம் திங்கக்கிழமை மதியம் தொடங்கும். ஒவ்வொரு ஊர் தியேட்டர் மேனேஜரும் அந்தக் காட்சியை உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு ஐட்டமும் எத்தனை நிமிஷம், திரைக்கு முன்னாடி நின்னு பண்ணினதா முழு மேடையையும் எடுத்துக்கிட்டதா, ஜனங்க எப்படி வரவேத்தாங்க, எந்த வசனத்தை வெட்டணும்னு தட்டெழுதித் தலைமை ஆபீஸுக்கு அனுப்புவார். அந்த ரெண்டு மூணு வரிதான் ஒரு கலைஞரோட சோறு. அடுத்த ஊர்ல வேலை உண்டா இல்லியாங்கிறது அதுல இருக்கு. 1906லேருந்து யுனைடெட் புக்கிங் ஆபீஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சு, பெரிய தியேட்டர்களோட வாய்ப்பெல்லாம் அந்த ஒரு வாசல் வழியாத்தான்னு ஆக்கி, கலைஞர் சம்பளத்துல அஞ்சு சதவீதம் கமிஷனும் எடுத்துக்கிட்டாங்க. எதிர்த்து ‘வைட் ராட்ஸ்’னு சங்கம் வெச்சவங்களை 1917க்குள்ள ஒடுக்கியே விட்டாங்க. அந்த முதலாளிங்க மேல எனக்குத் துளி மரியாதை கிடையாது. ஆனா அந்தத் தாள்களைப் பார்க்கிறப்ப ஒண்ணு மட்டும் உறைக்குது. அந்த மேனேஜர் முதல் நிமிஷத்துலேருந்து நாற்காலியில உட்கார்ந்திருக்கார். முதல் ஐட்டத்துக்கு எத்தனை நிமிஷம்னு அவருக்குத் தெரியும். கல்நெஞ்சக்காரங்களே அந்த வேலையைச் செஞ்சிருக்காங்க. கலை மேல அன்புன்னு பேட்ஜ் குத்திக்கிட்டு வர்ற உங்களால ஏழு மணிக்கு வர முடியாதா?

அந்தக் காலத்துல நியூயார்க்ல மைனர்ஸ் பவரி தியேட்டர்ல, தொழில்முறைக் கலைஞர் இல்லாதவங்க மேடை ஏறுற அமெச்சூர் ராத்திரி நடக்கும். பிடிக்கலைன்னா ஜனங்க “கொக்கி! கொக்கி!”ன்னு கத்துவாங்க. நீளமான கம்புல கொக்கி மாட்டி, ஆடுறவரை இடுப்போட சேர்த்து உள்ள இழுத்துருவாங்க. கொடுமைதான். ஆனாலும் கத்தினவன் பார்த்துட்டுத்தான் கத்தினான்.

இதே மாநிலத்துல, மேரியன்ங்கிற ஊர் பக்கம் பண்ணையில பிறந்த செர்ரி சகோதரிகளோட கதை இன்னும் வலிக்கும். அப்பா அம்மா இல்லாத பொண்ணுங்க. 1893ல தாங்களே பாட்டும் நாடகமும் எழுதி மேடை ஏறினாங்க. நல்லா இல்லைன்னு ஊரே பேசுச்சு, அதைக் கேள்விப்பட்டு வந்த கூட்டம் காய்கறியை விட்டெறிய ஆரம்பிச்சுது. 1896ல ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன்ங்கிற தியேட்டர் முதலாளி அவங்களை நியூயார்க்குக்கே கூட்டிட்டுப் போனார். திட்டுறதுக்காகவே டிக்கெட் வாங்கின கூட்டம் அது. ஒரு பத்திரிகைக்காரர் அவங்க வயசை ஏத்திச் சொல்லி, கிழட்டுக் குதிரையோட ஒப்பிட்டு எழுத, டி மாய்ன் லீடர்ங்கிற பத்திரிகை அதை மறுபடி அச்சடிச்சுது. வழக்குப் போட்டாங்க. 1901ல அயோவா உச்ச நீதிமன்றம் பத்திரிகை பக்கம்தான் தீர்ப்புச் சொல்லுச்சு. மேடை ஏறினவங்களைக் கடுமையா விமர்சிக்க உரிமை உண்டுன்னு அந்தத் தீர்ப்பு இன்னிக்கும் பேசப்படுது. அந்த உரிமை இருக்கணும்தான், நான் மறுக்கல. ஆனா வயசும் உடம்பும் விமர்சனம் ஆகுமா? அந்தப் பொண்ணு பாட்டுல எந்த இடத்துல சுருதி விட்டாள்னு எழுதுங்க, நான் படிக்கிறேன்.

பார்க்கத் தெரிஞ்சவங்க பார்த்தா என்ன ஆகும்ங்கிறதுக்கும் சாட்சி இருக்கு. 1899ல மினசோட்டாவுல செயின்ட் பால் நகரத்துல ஒரு பீர் ஹாலுக்கு மார்ட்டின் பெக் போறார். பின்னாடி பேலஸ் தியேட்டரைக் கட்டினவர் இவர்தான். அங்க ஒரு இளைஞன் சின்னச் சின்ன மேஜிக்கும் கைவிலங்கு அவிழ்க்கிறதும் கலந்து பண்ணிட்டு இருக்கான். பெக் உட்கார்ந்து பார்த்துட்டு, சில்லறை மேஜிக்கை எல்லாம் விட்டுரு, விலங்கை அவிழ்க்கிறதைப் பிடிச்சுக்கன்னு சொல்லி வாய்ப்பும் கொடுத்தார். அந்த இளைஞன்தான் பின்னாடி கட்டு அவிழ்க்கிற வித்தையில உலகப் பேர் வாங்கின ஹூடினி. பீர் ஹால்ல எத்தனை சத்தம் இருந்திருக்கும்! பெக் அதுலயும் வித்தையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நான் கேக்கிறது பெரிசா எதுவும் இல்ல. ஏழு மணின்னா ஏழு மணிக்குக் கதவைச் சாத்துங்க. லேட்டா வந்தவங்க முதல் ஐட்டம் முடியுற வரைக்கும் வெளிய நிக்கட்டும், எட்டு நிமிஷத்துல யாருக்கும் உயிர் போயிடாது. நடுவர் பார்க்காத ஐட்டத்துக்கு நேரா கோடு போடுங்க, நாலு போடாதீங்க. இதைத்தான் ஏற்பாடு பண்ணினவங்ககிட்ட அன்னிக்கு ராத்திரியே சொன்னேன். “அந்த நடுவர் அரங்குக்கு நிறைய நன்கொடை கொடுக்கிறவர், பெரிசு பண்ணாதீங்க”ன்னாங்க.

நிகழ்ச்சி முடிஞ்சு கார் பக்கம் போறேன். பெரியவர் பின்வாசல் படியில உட்கார்ந்து டேப்பை உரிச்சிட்டு இருக்கார். பக்கத்துல அந்த மூணு பெட்டி. பரிசைப் பத்தி அவர் வாயே திறக்கல. “அந்தக் கடைசிச் சுத்து முன்னாடி இருந்தவங்களுக்கு மறைக்காமத் தெரிஞ்சுதா?”ன்னு கேட்டார். எனக்குத் தெரிஞ்சுது, நான் பார்த்தேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்?

மொத்த மார்க் ஷீட்ல மூணு நடுவரும் கையெழுத்துப் போட்டாத்தான் முடிவை ஊர்ப் பத்திரிகைக்குக் கொடுப்பாங்க. நேத்து மூணாவது தடவையா ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. அந்தத் தாள் என் கார்ல, முன் சீட்டுல கிடக்கு. அந்த நாலை அடிக்காம நான் கையெழுத்துப் போடறதா இல்ல.